பூசைக்குக் கொடுத்த ஏழு பெயர்கள்

நவம்பர் பிறக்க இரண்டு கிழமைக்கு முதலே எங்கள் தமிழ்ப் பூசையில் உறை கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளை உறை, அதற்குள் கோடு போட்ட ஒரு கடதாசி. செத்துப்போன எங்கள் ஆட்களின் பெயர்களை அதில் எழுதிப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் சுவாமியார் எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமா தன்னுடைய பெயரைக் கேட்டால் அதற்குக் கொஞ்சம் ஆறும் என்றுதான் ஊரில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்ததில் மறக்காமல் நிற்பது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

ஒரு வருஷம் நான் அந்தக் கடதாசியில் ஏழு பெயர்களை எழுதிப் போட்டேன். ஒன்றுகூட என்னுடைய ஆட்களின் பெயர் இல்லை. ஹிட்லருடைய ஆட்கள் கொன்ற யூதர்களின் பெயர்கள். நான் வேலைக்குப் போன வீட்டு அம்மாவின் அப்பா, அம்மா, தம்பிமார் இரண்டு பேர், சித்தி, சித்தியின் கைக்குழந்தை, பிறகு அவருடைய ஒரே தங்கச்சி. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் ஒரு கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் இருந்தோம். கிழமைக்கு மூன்று நாள் நான் பின்ச் பஸ்ஸில் ஏறி, சப்வே ஸ்ரேசனில் இறங்கி, மேற்கே போகிற பின்ச் பஸ்ஸில் மாறிப் பத்தர்ஸ்ட் வீதிக்குப் போவேன். பஸ்ஸில் ஏறினால் அடுப்பை நிற்பாட்டினேனா என்ற யோசனை. இறங்கினால் கதவைப் பூட்டினேனா என்ற யோசனை. "நீர் ஒருநாள் பயப்பிடாமல் இருந்தால், ஏன் பயம் வரேல்லை எண்டு அதுக்கும் பயப்பிடுவீர்" என்று என் மனுசன் சொல்லுவார். அவர் சொல்வது சரிதான்.

பத்தர்ஸ்ட் வீதிக் கட்டடத்தில் இருந்தவர்களில் அநேகம் பேர் வயதான யூதர்கள். அந்த அம்மாவுக்கு எழுபதுக்குக் கிட்ட வயது. புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இடுப்பு எலும்பு சரியில்லாததால் குனிய முடியாது. வீடு துடைப்பது, உடுப்புத் தோய்ப்பது, கடைக்குக் கூட்டிப் போவது, முதுகுக்கு எண்ணெய் பூசிவிடுவது என்னுடைய வேலை. அவருடைய குசினியில் இறைச்சிக்கு வேறு கோப்பைகள், பாலுக்கு வேறு கோப்பைகள். இரண்டும் கலக்கக் கூடாது என்பது யூதர்களின் வேத முறை. மாறி வைத்துவிடுவேனோ என்று முதல் மாதம் முழுக்க எனக்கு ஒரே பயம். ஒவ்வொரு தட்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கேட்பேன்.

"நீங்கள் பெரிய கடவுள் பக்தியோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடவுளோட எனக்கு நெடுகச் சண்டை" என்றார். "கோப்பையளோட சண்டை இல்லை."

எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் பிறகு வந்த பாஷை. அவர் சொன்னதை நான் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். என் காதுக்கு அது அப்படித்தான் கேட்டது.

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். தாயின் வயதுள்ள மனுசியை நான் எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? "அன்ரி" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ர பக்கத்தில மருமக்கள் எண்டு ஒருத்தரும் மிஞ்சேல்லை. நீ எங்கயிருந்து முளைச்சனி?"

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். அன்றிலிருந்து அன்ரிதான்.

வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாய முதல் அவர் இரண்டு மெழுகுதிரி கொளுத்துவார். கைகளால் கண்ணைப் பொத்திக்கொண்டு என்னவோ சொல்லுவார். அது முடிந்த பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று சில பெயர்களைச் சொல்லுவார். மெழுகுதிரி கொளுத்துவது அவர்கள் எல்லோரும் செய்வது. இந்தப் பெயர் சொல்வது அவருடைய சொந்தப் பழக்கம். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்பேன். ஆறு பெயர். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

என்னுடைய வீட்டைப் பற்றியும் அவர் விசாரித்தார். அம்மா ஊரில் இருக்கிறா என்றேன், தம்பி ஒருவன் என்றேன். மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்து ட்ரக்கில் ஏற்றினார்கள். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது.

"ட்ரக்கில ஏத்தினதை ஆரும் கண்டவையோ?"

"ஓம். ரெண்டு பேர் கண்டவை."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்லை, அன்ரி."

அவர் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருந்தார். பாவம் என்றோ கவலைப்படாதே என்றோ சொல்லவில்லை. ஒரு கிழங்கு முடிந்தது, அடுத்ததை எடுத்தார்.

அந்தக் கோடையில் ஒருநாள் அவரும் நானும் கடையால் வரும்போது லிப்ற் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. லைற்றும் போய்விட்டது. மணியை அமத்தினேன், கத்தினேன், கதவில் அடித்தேன். அவர் தடியை ஊன்றிக்கொண்டு, "கத்தாதை, காத்து முடிஞ்சிடும்" என்றார். பகிடிக்குச் சொன்னது. எனக்கு உண்மையிலேயே மூச்சு நின்றுவிட்டது. பையிலிருந்து செபமாலையை எடுத்து மாதாவுக்குச் சொல்கிற அருள் நிறைந்த மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். முதல் பாதியைச் சொல்லி மூச்சு எடுக்க நிற்கிறேன், இருட்டுக்குள் இருந்து மற்றப் பாதி வருகிறது. அவருடைய குரல். வேறு ஏதோ பாஷை. ஆனால் அதே நீளம், அதே இழுவை, கடைசியில் அதே ஆமென். நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, செபமாலையில் பத்து மணி உருண்ட பிறகு லிப்ற் ஏறத் தொடங்கியது.

வெளியே வந்ததும் கேட்டேன். "அன்ரி, உங்களுக்கு உது என்னெண்டு தெரியும்?"

"நான் சின்னனில கனக்கப் பாடமாக்கினனான்" என்றார். "மரக்கறியைத் தூக்கு, தக்காளி நசியுது."

நான் அதற்கு மேலே கேட்கவில்லை. என்னுடைய மனதில் நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எங்கள் மாதாவை இவருக்குத் தெரியும், எங்கள் செபம் இவருக்குப் பிடிக்காமல் இல்லை. அந்த முடிவுதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

அவர் பிறந்தது போலந்தில் ஒரு சின்னப் பட்டணம். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் ரொறன்ரோவில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், எங்கள் ஆட்கள் ஊர்ச்சங்கம் வைக்கிற மாதிரி. எங்கள் சங்கத்தில் கொத்துரொட்டியும் கயிறு இழுவையும். அவர்களுடைய சங்கத்துக்கு இருந்தது ஒரு கல். செத்தவர்களுக்கு அங்கே புதைகுழி இல்லை, அதனால் இங்கே சவக்காலையில் ஊரின் பெயரை வெட்டி ஒரு கல் நட்டிருந்தார்கள். இலையுதிர் காலத்தில், அவர்களுடைய வருஷப்பிறப்புக்கும் பெரிய நோன்புக்கும் இடையில், அந்தக் கல்லடியில் கூடுவார்கள். அவரவர் தன்னுடைய ஆட்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதற்கு முதல் எல்லோரும் பெயர்களை எழுதிச் சங்கத்துச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் சின்னப் புத்தகமாக அடிப்பார்.

அந்த வருஷம் அன்ரி எழுதிய கடதாசியைத் தபாலில் போட என்னிடம் தந்தார். மடிக்க முதல் பார்த்தேன். ஆறு பெயருக்குக் கீழே ஏழாவதாக ஒன்று. மற்ற ஆறும் நேராக இருக்க, அது மட்டும் சரிந்து கிடந்தது.

"இதில ஏழு கிடக்கு, அன்ரி."

"ஓம். இந்த வருஷம் ஏழு."

"ஏழாவது ஆர்?"

"தங்கச்சி" என்றார். பிறகு, "முத்திரையை நேரா ஒட்டு" என்றார்.

கல்லடிக்கு நானும் போனேன், அவருக்குக் கை கொடுக்க. இருபது இருபத்தைந்து பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் கிழடு கட்டைகள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. கல்லுக்கு மேலே கூழாங்கற்கள் வைத்தார்கள். அவருடைய முறை வந்தபோது ஆறு பெயரை ஒரே மூச்சில் வாசித்தார். பிறகு நின்றார். என்னுடைய கையை அவர் பிடித்திருந்த இடத்தில் நகம் இறங்கியது. ஏழாவதையும் வாசித்தார். ஒரு கிழவர் திரும்பி அவரைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரே யோசனை. பாவம், இந்தக் கிழடுகளும் போன பிறகு அந்த ஏழு பேருக்கும் யார் செபிப்பது? அதுவும் அந்தத் தங்கச்சி, இவ்வளவு காலமும் ஒரு பெயர் வாசிப்புக்கூட இல்லாமல் எங்கே கிடந்து வேகிறாளோ? எனக்கு நித்திரை வரவில்லை. நான் அப்படித்தான், பிறத்தியாருடைய பானையில் சோறு அடிப்பிடிக்கிறதுக்கும் எனக்கு மணக்கும்.

இரண்டொரு கிழமையில் உறை வந்தது. மனுசன் தன்னுடைய தகப்பன் பெயரையும் பெரியப்பா பெயரையும் எழுதினார். பேனையை என்னிடம் தந்தார். என்னுடைய தம்பியின் பெயரை எழுதக் கூடாது. அம்மாவின் கடிதத்தில் ஒவ்வொரு வருஷமும் அது வரும்: "அவன்ர பேரைச் செத்த ஆக்களோட சேத்துக் குடுத்திடாதை பிள்ளை, அவன் வருவான்." கொடுத்தால் நானே அவனைக் கொன்ற மாதிரி. அதனால் நான் எப்போதும் வெறும் கடதாசியைத்தான் மடிப்பேன். அந்த வருஷம் எழுத ஏழு பெயர் இருந்தது. ஒரே வேகத்தில் எழுதினேன். எழுதி முடித்தபோது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்ததை ஒளிக்கவில்லை. யாருக்கோ ஏதோ செய்ய முடிந்ததே என்று.

எங்கள் சுவாமியார் எல்லாப் பெயர்களையும் தமிழில் அச்சடித்து ஒரு தாளாகவும் கொடுத்தார். நவம்பர் முழுக்க வீட்டில் வைத்து இவர்களுக்காகச் செபியுங்கள் என்று கீழே போட்டிருந்தது. மரியாம்பிள்ளைகள், சூசைப்பிள்ளைகளுக்கு நடுவில் அந்த ஏழு பெயர்களும். எனக்குப் பெருமையாக இருந்தது. தாளை மடிக்காமல் ஒரு கொப்பிக்குள் வைத்து அடுத்த நாள் பத்தர்ஸ்ட் வீதிக்குக் கொண்டுபோனேன்.

அவர் யன்னலடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தாளை மேசையில் வைத்தேன்.

"என்ன இது? என்ன வடிவான எழுத்து. புழு மாதிரிச் சுருண்டு கிடக்கு."

"எங்கட எழுத்து, அன்ரி. இஞ்ச பாருங்கோ, இதில இருந்து இதுமட்டும் உங்கட ஆக்களின்ர பேர். ஏழும் இருக்கு."

அவருடைய முகம் மலர்ந்ததை நான் கண்டேன். அதை நான் கண்டது உண்மை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தடவினார். "இது அப்பாவோ? இது ஆர், சின்னவனோ?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தங்கச்சியின் பெயரில் விரல் கனநேரம் நின்றது. நான்தான் உட்கார்ந்து எழுதினேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தாளின் மேல் பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தச் சிலுவை ஏன் இதில நிக்குது?"

நான் சொன்னேன். பூசை, பெட்டி, உறை, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், சந்தோஷமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகப் போக அவருடைய விரல் தாளை விட்டு எடுபட்டது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆர் உன்னட்டைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, அன்ரி. நானாத்தான்... உங்களுக்கும் அந்தச் செபம் தெரியுந்தானே எண்டு..."

"தெரியும். எனக்கு எல்லாம் தெரியும். என்னெண்டு தெரியும் எண்டு நீ கேக்கேல்லை."

அன்றைக்குத்தான் சொன்னார். பதினைந்து வயதில் அவரையும் பதினொரு வயதுத் தங்கச்சியையும் தாய் பின்கதவால் அனுப்பினாராம். ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகளின் மடம். பாதி வழியில் தங்கச்சி அம்மாவிடம் போகப்போகிறேன் என்று கையை உதறிப்போட்டுத் திரும்பி ஓடினாள். இவர் பின்னால் ஓடவில்லை. மடத்தில் கதவைத் திறந்தார்கள், சாப்பாடு போட்டார்கள், தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து வேறு பெயர் வைத்தார்கள்.

"அவை இல்லையெண்டால் இண்டைக்கு நான் இல்லை. அதால அவையோட எனக்குக் கோவிக்கவும் ஏலாது, நன்றி சொல்லவும் வாய் வராது. ஒவ்வொரு நாளும் அந்தச் சிலுவைக்கு முன்னால முழந்தாளில நிண்டு செபம் சொல்லுவன். வெளியில அந்தச் செபம். வாய்க்குள்ள என்ர வீட்டு ஆக்களின்ர பேர். என்ர பேரைக் குடுத்தன். என்ர கும்பிடுற கையைக் குடுத்தன். அந்தப் பேருகளை மட்டும் நான் குடுக்கேல்லை."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அவையள் யூதராய் இருந்ததுக்காகத்தான் அவையளைக் கொன்றவங்கள். வேற ஒரு குற்றமும் இல்லை. செத்த பிறகு அவையிட்ட மிஞ்சினதும் அது ஒண்டுதான். அதை நீ கொண்டுபோய் உன்ர பெட்டிக்குள்ள போட்டிட்டாய்."

"நான் திருப்பி எடுக்கிறன், அன்ரி. சுவாமியாரிட்டைக் கதைச்சுத் திருப்பி எடுக்கிறன்."

அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"உன்ர தம்பியின்ர பேர் இதில எங்க?"

"இல்லை."

"ஏன் இல்லை?"

"அவன் செத்தது எண்டு தெரியாது, அன்ரி. ஒருத்தரும் காணேல்லை."

"என்ர தங்கச்சி செத்ததையும் ஒருத்தரும் காணேல்லை" என்றார். "அம்பது வருஷம் நான் அவளின்ர பேரைக் குடுக்கேல்லை. ஆரும் ஒரு குடியானவன் தூக்கி வளத்திருப்பான், எங்கயோ ஒரு பண்ணையில பிள்ளையளைப் பெத்துக்கொண்டு இருப்பாள் எண்டு வச்சிருந்தனான். இந்த வருஷந்தான் எழுதினது. அதுக்கு நான் எவ்வளவு நாள் அந்தப் பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன் எண்டு உனக்குத் தெரியுமே? நீ உன்ர தம்பியைப் பத்திரமா வச்சுக்கொண்டு, என்ர தங்கச்சியைக் குடுத்திட்டு வந்து நிக்கிறாய்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினார். நான் கழுவுகிறேன் என்று போனதற்கு, தோளால் தடுத்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியாரைப் பிடித்தேன். அவர் திருவுடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், குடுத்த பேரைத் திருப்பி எடுக்கலாமோ?"

"என்ன பிள்ளை, கடையில வாங்கின சட்டையே, அளவு காணாது எண்டு திருப்பிக் குடுக்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். நல்ல மனுசன். "வாசிச்சதை வாசிக்காமல் விட ஏலாது பிள்ளை. ஆனா செபம் ஒருத்தருக்கும் கெடுதி செய்யாது. ஆர் ஆரின்ர ஆக்கள் எண்டு ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியும், ஃபாதர். அன்ரிக்கு?"

அவர் மண்டபத்து மூலையில் மிஞ்சிக் கிடந்த தாள்களை எடுத்துத் தந்தார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு தாளிலும் அந்த ஏழு வரியையும் கறுப்புப் பேனையால் வெட்டினேன். பாதி வெட்டிய பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. அவர்களுடைய பெயர்களைத்தான் நான் இருந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். பேனையை வைத்துவிட்டேன். வெட்டின தாளையும் வெட்டாத தாளையும் என்ன செய்வது என்று தெரியாமல் உடுப்புப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

மற்றத் தாள்கள் எல்லாம் போய்விட்டன. ஸ்காபரோ முழுக்க, மார்க்கம் வரைக்கும், எங்கள் சனத்தின் குளிர்ப்பெட்டிக் கதவுகளிலும் வேதாகமங்களுக்கு நடுவிலும் போய் இருந்துவிட்டன. ஒருநாள் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூசைக்கு வருகிற ஒரு மனுசி முதுகில் தட்டினா.

"பிள்ளை, அந்த வெள்ளைக்காரப் பேர் ஏழும் நீர் குடுத்ததாமே? உச்சரிக்க நாக்குச் சுளுக்குது. ஆனாலும் நான் விடேல்லை. விடிய எழும்பின உடனே ஒவ்வொரு பேருக்கும் ஒரு அருள்நிறை சொல்லிப்போட்டுத்தான் தேத்தண்ணி."

"இனிச் சொல்லாதேங்கோ, அக்கா."

"ஏன், ஆத்துமா கரையேறிட்டுதோ?"

என்ன சொல்ல? பகிடியாகக் கேட்டாவோ உண்மையாகக் கேட்டாவோ தெரியவில்லை. நல்ல மனதோடு சொல்கிற மனுசி. முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். நவம்பர் முடியும்வரை விடியப்புறம் எனக்கு முழிப்பு வந்துவிடும். இந்நேரம் அந்த மனுசி எழும்பியிருப்பா, முதலாவது பெயரைச் சொல்லத் தொடங்கியிருப்பா என்று.

பத்தர்ஸ்ட் வீதிக்குப் போவதை விட்டுவிடுகிறேன் என்று அன்ரியிடம் சொன்னேன்.

"பிறகு ஆர் என்ர முதுகுக்கு எண்ணெய் போடுறது?" என்றார். "வெள்ளிக்கிழமை வா."

போனேன். எல்லாம் முந்தின மாதிரியே இருந்தது. கோப்பைகள் இருந்தன, பகிடிகள் இருந்தன. அன்ரி என்று கூப்பிட்டால் ஓம் என்று திரும்பினார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்தின பிறகு வாயைத் திறக்க மாட்டார். நான் கோட்டைப் போட்டு, சப்பாத்தைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரைக்கும் காத்துக்கொண்டு நிற்பார். நான் லிப்றடியில் நின்று காது கொடுப்பேன். ஒன்றும் கேட்காது.

அடுத்த இலையுதிர் காலம் வந்தது. பெயர்க் கடதாசியைத் தபாலில் போட என்னிடம் தரவில்லை. எப்படி அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கல்லடிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். சங்கத்துக் கிழவர் ஒருவர் காரில் வந்து ஏற்றினார். காரால் இறங்கும்போது அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கல்லடி வரைக்கும் கொண்டுபோய் விடு. பேர் வாசிக்கேக்க நீ இஞ்சாலை வந்து நில்."

கொண்டுபோய் விட்டுவிட்டு றோட்டுப் பக்கம் வந்து நின்றேன். காற்று என்னுடைய பக்கத்திலிருந்து அவர்கள் பக்கம் அடித்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அவருடைய முறை வந்ததை வாய் அசைவதில் இருந்துதான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் தலை கொஞ்சம் குனியும். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் இடையில் நகர்ந்து மறைத்துவிட்டார். அவர் விலகியபோது அடுத்த ஆள் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஏழாவதை வாசித்தாரா, இல்லையா?

நான் செய்த வேலையால் அவர் தங்கச்சியைத் திரும்பவும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாரா? ஐம்பது வருஷம் எடுத்து எழுதிய பெயரை அடித்துவிட்டாரா? காரில் வரும்போது கேட்க வாய் உன்னியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அந்த வருஷத்துச் சின்னப் புத்தகம் சாப்பாட்டு மேசையில் இரண்டு கிழமை கிடந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் தூசு துடைத்தேன். ஒரு பக்கம் திருப்பினால் தெரிந்துவிடும். திருப்பவில்லை. ஆறாக இருந்தால் நான் என்ன செய்வது என்ற பயம்.

அடுத்த மாசி மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். எனக்குச் சொன்னபோது அடக்கமும் முடிந்துவிட்டது, யூதர்கள் பிணத்தை நாள்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். சங்கத்து ஆட்கள் வீட்டைக் காலி செய்தார்கள். என்னிடம் இருந்த வீட்டுத் திறப்பைக் கொடுக்கப் போனபோது மேசையும் இல்லை, புத்தகமும் இல்லை. கோப்பைகளை இரண்டு பெட்டியில் கட்டியிருந்தார்கள். இறைச்சிக் கோப்பைகளும் பால் கோப்பைகளும் கலந்திருந்தன. நான் அதைப் பிரித்து வைக்கவா என்று கேட்டேன். தேவையில்லை என்றார்கள்.

புத்தகத்தில் ஆறா ஏழா என்று செயலாளருக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். யார் நீ, உனக்கேன் என்று கேட்டால்? நான்தான் உங்கள் ஊர் ஆட்களைச் சிலுவைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தவள் என்று சொல்லவா? இப்போது கல்லடியில் அவருடைய ஆட்களின் பெயர்களை யாரும் வாசிக்கிறார்களோ என்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பெயர்கள் மனதில் இருக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. ஒருவேளை நான் மட்டுந்தானோ என்னவோ. செபிக்கக் கூடாது. எழுதக் கூடாது. அதனால்தான் இதிலும் எழுதவில்லை.

நவம்பரில் சுவாமியார் வாசிக்கத் தொடங்கினால் அந்தப் பெயர்கள் தாமாக நாக்குக்கு வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஆறாவது வரைக்கும் அசையாமல் பிடித்து வைப்பேன். ஏழாவது வரும்போது அதை என்ன செய்வது என்று தெரியாது. செத்தவர்களோடு வைப்பதா, பண்ணையில் இருக்கிறவர்களோடு வைப்பதா? அவர் கடைசியாக எங்கே வைத்தார் என்று தெரிந்தால் நானும் அங்கே வைப்பேன்.

சென்ற வருஷமும் உறை வந்தது. மனுசன் தன்னுடைய ஆட்களை எழுதி முடித்துப் பேனையை என் பக்கம் நீட்டினார்.

"உமக்கு?"

அம்மாவின் கடிதம் அந்தக் கிழமைதான் வந்திருந்தது. அதே வரி அதில் இருந்தது.

"எனக்கு ஒருத்தருமில்லை" என்று சொல்லி உறையை ஒட்டினேன்.